மொட்டை மாடியிலிருந்து பந்தை விட்டு உயரம் கண்டுபிடிக்கிறோம்: 13 மீட்டர் ஏன் 14.7 ஆகுது?

வண்ணை_டியூஷன்:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் பதினொண்ணாவது பசங்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். தடையின்றி விழும் பொருள் பாடத்துக்கு ஒரு செய்முறை வைத்தோம். தரைத்தளத்தோடு சேர்த்து நாலு அடுக்கு அவுசிங் போர்டு பிளாக். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து கயிறு விட்டு அளந்ததில் 13.0 மீட்டர். மேலே நிற்கிறவன் டென்னிஸ் பந்தை விடுவான், விடும்போதே இன்னொரு கையால் போன் ஸ்டாப்வாட்சை அமுக்குவான், கீழே ‘டொப்’னு சத்தம் கேட்டதும் நிறுத்துவான்.

வந்த நேரங்கள் 1.52, 1.91, 1.66, 1.84, 1.73 விநாடி. சராசரி 1.732. ½ × 9.8 × நேரம்² போட்டால் 14.7 மீட்டர் வருது. தனித்தனியா போட்டால் 11.3-லிருந்து 17.9 வரைக்கும் ஆடுது. இன்னொரு குரூப் டேபிள் டென்னிஸ் பந்தை விட்டு, 2.1 விநாடி எடுத்து, 21.6 மீட்டர்னு நோட்டில் எழுதிட்டாங்க. ஏழு மாடிக் கட்டடம்! தப்பு எங்கே?

இதோட ஒட்டிய இன்னொரு கேள்வி. அதே இடத்திலிருந்து 10 மீ/வி வேகத்தில் நேர் மேலே எறிந்தால் எப்போ தரையைத் தொடும்னு கணக்கு கொடுத்தேன். பாதிப் பேருக்கு 0.90 விநாடி வந்தது. மீதிப் பேருக்கு 2.94, −0.90 என்று இரண்டு விடை. ‘மைனஸ் வந்தா அடிச்சிடு’ன்னு வழக்கம்போல சொல்லிட்டேன். ஒரு பொண்ணு விடலை: ‘தப்பா போட்டவங்களுக்கும் 0.90, நாங்க அடிச்சதும் 0.90. அது எப்படி சார் ஒண்ணா வரும்?’ நல்ல பதில் வேணும்.

ராயபுரம்_மெக்கானிக்ஸ்:

சார், உங்க பசங்க அளந்த நேரத்தில் பெரிய பிழை இல்லை. பந்து உண்மையிலேயே அவ்வளவு நேரம் எடுத்துக்குது. ½ × ஜி × நேரம்² (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், நீங்க போட்ட 9.8) என்பது காற்றே இல்லாத இடத்துக்கான கணக்கு, அதுவும் தரையைத் தொட்ட கணத்திலேயே நமக்குத் தெரிஞ்சுடும்னு வைத்துக்கொண்ட கணக்கு. ரெண்டுமே உங்க மாடியில் இல்லை.

முதலில் சத்தம். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 349 மீ/வி. 13 மீட்டர் மேலே வர 0.037 விநாடி. இதெல்லாம் ஒரு நேரமான்னு தோணும். ஆனா காற்றில்லாக் கணக்கில் பந்து தரைக்கு வரும்போது 16 மீ/வி வேகத்தில் இருக்கு, அதனால 0.037 விநாடி பிழை 0.6 மீட்டராகக் கணக்கில் ஏறிடும். ரெண்டடி போச்சு.

அடுத்தது காற்று. டென்னிஸ் பந்து 58 கிராம், விட்டம் 6.7 செ.மீ. மேலே மயிர் படிந்த துணி இருப்பதால் இழுவைக் குணகம் (காற்று எவ்வளவு தடுக்குதுன்னு காட்டும் எண்) 0.55 பக்கம் எடுத்துக்கலாம். முற்றுத் திசைவேகம், அதாவது காற்றின் தடை எடைக்குச் சமமாகி அதுக்கு மேல் வேகம் கூடாத நிலை, சுமார் 22 மீ/வி. உங்க பந்து காற்றில் 14-ஐத் தொடுது, அதாவது தரையை நெருங்கும்போது காற்று அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு விசையோட மேலே தள்ளுது. இதைத் தள்ளுபடி பண்ண முடியாது.

கணக்கா போடணும்னா ஒரு நீளத்தைக் கண்டுபிடிங்க:

நீளம் = 2 × நிறை ÷ (காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × குறுக்குப் பரப்பு)

காற்றின் அடர்த்தி நம்ம ஊர் சூட்டுக்கு 1.16 கிலோ/மீ³. டென்னிஸ் பந்துக்கு இந்த நீளம் 51 மீட்டர் சொச்சம் வரும். விழும் உயரம் இந்த நீளத்தைவிட நல்லா குறைவா இருந்தால், தாமதம் ஏறக்குறைய:

தாமதம் = காற்றில்லா நேரம் × உயரம் ÷ (6 × நீளம்)

காற்றில்லா நேரம் 13 மீட்டருக்கு 1.63 விநாடி. தாமதம் 1.63 × 13 ÷ 309 = 0.069. மூணையும் கூட்டுங்க: 1.63 + 0.069 + 0.037 = 1.736. உங்க சராசரி 1.732! பசங்களுக்கு மார்க் போடுங்க சார்.

டேபிள் டென்னிஸ் பந்து தனி ரகம். 2.7 கிராம், விட்டம் 40 மி.மீ. அந்த நீளம் 8 மீட்டர்கூட வராது, முற்றுத் திசைவேகம் 9 மீ/வி-க்குக் கொஞ்சம் கீழே. ரெண்டு மாடி இறங்கறதுக்குள்ளேயே முடுக்கம் அநேகமா தீர்ந்துபோய், மீதி தூரத்தைக் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் கடக்கும். மேலே சொன்ன சுருக்குவழி இதுக்குப் பொருந்தாது. முழுச் சமன்பாட்டைப் போட்டால் 13 மீட்டருக்கு 2.09 விநாடி வரும். அந்தப் பசங்க 2.1 எடுத்திருக்காங்க. ஏழு மாடின்னு எழுதினதுதான் தப்பு, கடிகாரம் சரி.

வியாசர்பாடி_வெக்டார்:

முதல் கேள்விக்கு ராயபுரம் அண்ணன் சொல்லிட்டார். இரண்டாவதுக்கு நான் வரேன். அந்தப் பொண்ணு கேட்டதுதான் இந்தப் பாடத்திலேயே நல்ல கேள்வி, அதை அடிச்சிடாதீங்க.

0.90 எழுதினவங்க என்ன பண்ணியிருப்பாங்கன்னா, தொடக்க வேகம் +10, ஜி +9.8, தூரம் +13. மூணுக்கும் பிளஸ். மூணுக்கும் ஒரே குறி கொடுத்தால் மூணும் ஒரே திசைன்னு அர்த்தம். ஜி கீழ்நோக்கித்தான் இருக்கு, அப்போ எறிந்த வேகமும் கீழ்நோக்கி ஆயிடுது. அவங்க தப்பா கணக்குப் போடலை, வேற கணக்கைச் சரியா போட்டிருக்காங்க: பந்தை 10 மீ/வி வேகத்தில் *கீழே* எறிந்தால் 0.90 விநாடியில் தரையைத் தொடும்.

சரியான வழி: மேல்நோக்கி பிளஸ்னு ஒரு அம்புக்குறியை நோட்டு ஓரத்தில் வரைஞ்சிட்டுத்தான் பேனாவை நகர்த்தணும். வேகம் +10. முடுக்கம் −9.8, ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதே −9.8. இடப்பெயர்ச்சி −13, ஏன்னா முடிகிற இடம் தொடங்கின இடத்துக்குக் கீழே. இங்கேதான் நிறைய பேர் விழுவாங்க. பந்து பயணம் பண்ண தூரம் 5.1 ஏறி, 5.1 இறங்கி, இன்னும் 13, ஆகமொத்தம் 23.2 மீட்டர். சமன்பாடு கேட்பது அதை இல்லை, இடப்பெயர்ச்சியை. 

−13 = 10 × நேரம் − 4.9 × நேரம்²

தீர்த்தால் 2.94, −0.90.

இப்போ அந்த −0.90. ‘நேரம் சுழி’ என்பது பந்து கையை விட்ட கணம். சமன்பாட்டுக்குக் கை தெரியாது, மாடி தெரியாது. ‘இந்தக் கணத்தில், இந்த இடத்தில், மேல்நோக்கி 10 மீ/வி’ என்பது மட்டும்தான் தெரியும். அப்படிப் போற பந்தின் முழுப் பாதையையும் அது கணிக்குது, பின்னாடி போனதையும் சேர்த்து. பின்னாடி போனால், 0.90 விநாடி முன்னாடி அந்தப் பந்து தரையில் இருந்திருக்கும். அதாவது கீழே தெருவில் நின்னு யாரோ 18.84 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து, சரியா 0.90 விநாடி கழிச்சு உங்க கைப்பிடிச் சுவரை 10 மீ/வி வேகத்தில் தாண்டும். அதுக்கப்புறம் உங்க பந்துக்கும் அந்தப் பந்துக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. திரும்பி வந்து தரையைத் தொடும்போது ரெண்டும் அதே 18.84.

இப்போ ஒத்துமை ஏன்? தெருவிலிருந்து மாடிக்கு ஏறும் பந்து 18.84-ல் தொடங்கி 10-க்கு வருது. மாடியிலிருந்து கீழே எறிந்த பந்து 10-ல் தொடங்கி 18.84-க்கு வருது. ஒரே பயணத்தை வீடியோவில் ரிவர்ஸ் ஓட்டின மாதிரி. நேரம் மாறாது. அதனால்தான் 0.90-ம் −0.90-ம்.

போர்டில் போட ஒரு போனஸ்: 2.94 × 0.90 = 2.65. இதன் வர்க்கமூலம் 1.63. சும்மா விட்ட பந்தின் நேரம் அதேதான். எந்த வேகத்தில் எறிந்தாலும், மேலே எறிந்த நேரத்தையும் கீழே எறிந்த நேரத்தையும் பெருக்கினால் சும்மா விட்ட நேரத்தின் வர்க்கம் கிடைக்கும். இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் பெருக்கல்தான், வேற ஒண்ணும் மாயம் இல்லை. எறியும் வேகத்தை 8, 12, 15-னு மாற்றிக் கொடுத்துப் பசங்களையே சரிபார்க்கச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை_ஊசல்:

ராயபுரம், நீங்க காட்டின 1.736-க்கும் 1.732-க்கும் உள்ள பொருத்தம் பார்க்க அழகா இருக்கு, ஆனா அதை நம்பக்கூடாது. அஞ்சு அளவின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறுதுன்னு காட்டும் எண்) 0.15 விநாடி. அஞ்சின் சராசரிக்கு நிச்சயமின்மை 0.15 ÷ √5, அதாவது 0.07 விநாடி. உயரத்தில் அது ±1.2 மீட்டர். நீங்க திருத்தின ரெண்டு பிழையும் சேர்த்தே 0.11 விநாடிதான். இந்தத் தரவை வைத்து ‘காற்றும் ஒலியும்தான் காரணம்’னு அடித்துச் சொல்ல முடியாது. நாளைக்கு அதே பையன் அஞ்சு தடவை எடுத்தால் 1.66-ம் வரலாம், 1.80-ம் வரலாம். டேபிள் டென்னிஸ் பந்தின் 2.1 மட்டும் பேசும், ஏன்னா அங்கே வித்தியாசம் அரை விநாடி.

பிழை எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஸ்டாப்வாட்ச் இரண்டு தசம இடம் காட்டும், விரல் அவ்வளவு நுட்பமா இயங்காது. எதிர்பாராத ஒன்றைப் பார்த்து விரல் அசைய 0.2 விநாடி ஆகும். உங்க முறையில் விடுபவனே அமுக்குவதால் தொடக்கத் தாமதம் குறையுது, அது நல்ல ஏற்பாடு. ஆனா பந்தை விடுவதும் பட்டனை அமுக்குவதும் ரெண்டு கை, ரெண்டும் ஒரே கணத்தில் நடக்கிறதில்லை. கடைசியில் ‘டொப்’ வரும்னு காத்துக்கிட்டு இருக்கிறவன் சில தடவை முந்திக்குவான், சில தடவை தூங்கிடுவான். 1.52-ம் 1.91-ம் இப்படித்தான் வந்திருக்கும்.

ஆளைக் கீழே நிறுத்தினால் இன்னும் மோசம். மேலே பந்து விடுபட்டதைப் பார்த்து 0.2 தாமதமாகத் தொடங்குவான், ஆனா பந்து வருவது கண்ணில் தெரிவதால் முடிவில் தாமதமே இருக்காது. காற்றை விட்டுப் பார்த்தால், எல்லா அளவும் 0.2 குறைஞ்சு 1.43 பக்கம் நிற்கும், உயரம் 10 மீட்டர்னு வரும். ஒரு மாடியே காணாமப்போகும். இந்த வகைப் பிழை நூறு தடவை எடுத்துச் சராசரி போட்டாலும் போகாது. மேலே நிற்பவன் ‘மூணு, ரெண்டு, ஒண்ணு’ன்னு தாளத்தோட எண்ணிவிட்டால் கொஞ்சம் குறையும்.

இன்னொண்ணு. ஜி-க்கு 9.8 போடுவதா 9.78 போடுவதான்னு சிலர் சண்டை பிடிப்பாங்க. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் இங்கே ஜி 9.783 அளவில் இருக்கும். 9.8 போட்டால் 13 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் பிழை. உங்க மாடிக்கு அது தேவையே இல்லாத கவலை.

ஜி-யையே அளக்கணும்னா மாடியை விட்டுட்டுத் தனி ஊசலுக்கு வாங்க. ஸ்டாப்வாட்ச் அங்கேதான் கௌரவமா வேலை செய்யும். நீளம் 1 மீட்டர், 50 அலைவுக்கு 100.4 விநாடி. விரல் 0.2 விநாடி தப்பினாலும் ஜி-யில் 0.4 சதவீதம்தான் பிழை. நீளத்தைக் கொக்கி வரைக்கும் இல்லாம குண்டின் மையம் வரைக்கும் அளக்கணும். ஒரு சென்டிமீட்டர் விட்டால் ஒரு சதவீதம் போச்சு. இழுத்துவிடும் கோணம் 5 டிகிரிக்குள் இருக்கட்டும், அதாவது 1 மீட்டர் ஊசலுக்கு ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தக் கூடாது.

பசங்களுக்கு ஒரு ஊர்ப்பெருமையும் இருக்கு. 1820-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்காம் இந்த ஊரில் விநாடி ஊசலின் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசல்) நீளத்தை அளந்தார். நம்ம ஜி-க்கு அது 99.1 செ.மீ. அதே ஆள் ஒலியின் வேகத்தையும் இங்கேயே அளந்தார்: செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும், நுங்கம்பாக்கத்திலிருந்து தீப்பொறியைப் பார்த்து, சத்தம் வரும்வரை எண்ணுவாங்க. உங்க ‘டொப்’ தாமதத்தின் பெரிய அண்ணன்.

ராயபுரம்_மெக்கானிக்ஸ்:

ஒத்துக்கிறேன். 0.07 நிச்சயமின்மையைச் சொல்லாம விட்டது என் தப்பு. திருத்தங்களின் அளவு சரி, ஆனா அஞ்சு அளவால் அதை நிரூபிக்க முடியாது. நிச்சயமின்மையைப் பாதியாக்க 20 தடவை, கால்வாசியாக்க 80 தடவை எடுக்கணும். 80 தடவை மாடிப்படி ஏறி இறங்க எந்தப் பையனும் வரமாட்டான். கருவியை மாத்துவதுதான் வழி.

காசிமேடு_காத்து:

கருவியை மாத்துறதுக்கு முன்னாடி பந்தை மாத்துங்க. காசிமேட்டில் வலைச் சாமான் விக்கிற கடையில் ஈயக்குண்டு கிடைக்கும், தூண்டிலுக்கும் வலைக்கும் கட்டுறது. உருண்டையா 100 கிராம் ஒண்ணு எடுத்துக்கோங்க. விட்டம் இரண்டரை சென்டிமீட்டர்தான். ராயபுரம் அண்ணன் சூத்திரத்தில் போட்டால் அந்த நீளம் 700 மீட்டரைத் தாண்டும், 13 மீட்டருக்குக் காற்றால் வரும் தாமதம் 0.005 விநாடி. காற்றுப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கிரிக்கெட் பந்துகூட பரவாயில்லை, 0.024 விநாடிதான். ஈயத்தைத் தொட்டால் பசங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பிடணும்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். 100 கிராம் ஈயம் மேலிருந்து வரும்போது மணிக்கு 57 கிலோமீட்டர் வேகம். எண்ணூர் ஹைரோட்டில் பைக் போற வேகம். தலையில் பட்டால் மண்டை உடையும். பிளாக்கின் பின்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத சுவரோரம், நாலு மீட்டர் சுத்தி கயிறு கட்டி, கீழே ஒரு பெரியவர் நின்னு ‘சரி’ன்னு குரல் கொடுத்த பிறகுதான் விடணும். முதல் மாடியில் துணி காயப்போட வெளியே கை நீட்டுவாங்க, அந்த வரிசை ஜன்னல் வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க. இறங்கும் இடத்தில் மணல் நிரப்பின பழைய எண்ணெய் டின் வைங்க. தரையில் சும்மா விட்டால் குண்டும் நசுங்கும், தரையும் பெயரும். டின் உயரம் 35 செ.மீ. இருந்தால் அதை 13-லிருந்து கழிக்கணும். நிறைய பேர் மறக்கிறது இதைத்தான்.

நேரம்: காலை ஏழு, எட்டு மணி. மதியத்துக்கு மேல கடற்காத்து ஏறிடும். டேபிள் டென்னிஸ் பந்தைப் பக்கத்து பிளாக்குக்கே கொண்டுபோகும். பக்கக் காற்று பக்கத்தில்தானே தள்ளும், இறங்கும் நேரத்தை என்ன பண்ணும்னு கேட்கக்கூடாது. இழுவை வேகத்தின் வர்க்கத்தோட ஏறுவதால் பக்கக் காற்று அடித்தால் செங்குத்து இழுவையும் கூடும், பந்து இன்னும் தாமதமா இறங்கும்.

அப்புறம் கருவி. போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் போடுங்க. எதிர் பிளாக்கிலிருந்து, விடும் கையும் கீழே டின்னும் ஒரே சட்டத்தில் தெரியற மாதிரி, போனை ஸ்டாண்டில் நிறுத்தி எடுங்க. 13 மீட்டருக்கு 391 பிரேம் வரும். தொடக்கத்தில் ஒண்ணு, முடிவில் ஒண்ணுன்னு ரெண்டு பிரேம் தப்பினாலும் 0.008 விநாடி, உயரத்தில் 13 செ.மீ. சத்தத் தாமதமும் கிடையாது, ஒளிக்கு அந்தத் தூரம் ஒண்ணுமே இல்லை. ஈயக்குண்டு சின்னது, தூரத்திலிருந்து தெரியாது. அதுக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சிடுங்க, பின்னால் சுவர் வெள்ளையா இருந்தால் கறுப்பு. 

வீடியோவை ஓட்டிப் பார்த்து, திரையில் ஓடுற விநாடியை எழுதினால் மோசம் போவீங்க. 240-ல் எடுத்ததைப் போன் 30-ல் ஓட்டும், எட்டு மடங்கு இழுக்கும். 1.63 விநாடி 13 விநாடியாகத் தெரியும். உங்க மாடியும் 13 என்பதால் எவனாவது ‘வந்துடுச்சு’ன்னு குதிப்பான். பிரேமை எண்ணுங்க.

வண்ணை_டியூஷன்:

எல்லாருக்கும் நன்றி. −0.90 விளக்கத்தை இன்னைக்குச் சொன்னேன், அந்தப் பொண்ணு முகத்தில் ஒரு வெளிச்சம். இன்னும் இரண்டு சந்தேகம். உச்சியில் பந்து ஒரு கணம் நிற்குது, அப்போ முடுக்கமும் சுழிதானேன்னு பாதி வகுப்பு சொல்லுது. ‘இல்லை’ன்னு சொன்னால் ‘நிக்குதுல்ல சார்’ங்கறாங்க. அடுத்தது, மழை நாளில் மாடிக்குப் போக முடியாது. ஒண்ணு ரெண்டு மீட்டர் உயரத்தில், அறைக்குள்ளேயே செய்ய வழி உண்டா? ஸ்கூல் லேபில் மின்காந்தத்தில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு விடும் கருவி இருக்கு, அதில் ஜி 8.9, 9.3-னு குறைவாகவே வருது.

வியாசர்பாடி_வெக்டார்:

உச்சிக்கு: உச்சிக்கு 0.01 விநாடி முன்னாடி வேகம் +0.098. உச்சியில் 0. 0.01 விநாடி பின்னாடி −0.098. மூணையும் போர்டில் எழுதி, ‘ஒவ்வொரு 0.01-க்கும் எவ்வளவு மாறுச்சு?’ன்னு கேளுங்க. ரெண்டு பக்கமும் 0.098 குறைஞ்சிருக்கு. மாற்றம் எங்கேயும் நிற்கலை, வேகம் சுழி என்ற எண்ணைக் கடந்து போகுது, அவ்வளவுதான். அப்புறமும் முரண்டு பிடிச்சால், ‘உச்சியில் வேகமும் சுழி, முடுக்கமும் சுழின்னா பந்து ஏன் கீழே வரணும்? அங்கேயே தொங்கவேண்டியதுதானே’ன்னு கேளுங்க. பதில் அவங்களே சொல்லுவாங்க.

தண்டையார்பேட்டை_ஊசல்:

லேப் கருவிக்கு. மின்சாரத்தை நிறுத்தினாலும் மின்காந்தத்தின் இரும்பு உள்ளகத்தில் காந்தத்தன்மை உடனே போகாது. குண்டு சில மில்லிவிநாடிகள் ஒட்டிக்கிட்டு இருந்துட்டுத்தான் விழும். கடிகாரம் அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிருக்கும். நேரம் கூடுது, ஜி குறையுது. சின்ன உயரத்தில் அதிகம் குறையும், பெரிய உயரத்தில் கொஞ்சம் குறையும். உங்க 8.9, 9.3 ரெண்டும் வேறவேற உயரத்தில் எடுத்ததா இருக்கும்னு நினைக்கிறேன்.

ஒரு எண்ணுக்கணக்கு பாருங்க. தாமதம் 0.015 விநாடின்னு வைப்போம். அரை மீட்டரில் கடிகாரம் 0.335 காட்டும், ஜி 8.91 வரும். இரண்டு மீட்டரில் 0.654 காட்டும், ஜி 9.35 வரும். ரெண்டையும் சராசரி போட்டு 9.13-னு எழுதுவது பெரிய தப்பு. ரெண்டுமே ஒரே பக்கம் சாய்ந்த அளவுகள்.

இதுக்கு மருந்து வரைபடம். கிடை அச்சில் உயரத்தின் வர்க்கமூலம், நெடு அச்சில் நேரம். 0.5, 1.0, 1.5, 2.0 மீட்டர்னு நாலு உயரம் போதும். ஒரு நேர்கோடு வரும், ஆனா ஆதிப்புள்ளி வழியா போகாது. கோடு நேர அச்சை வெட்டும் இடம்தான் தாமதம். சாய்வில் தாமதம் கலக்கவே கலக்காது: (0.654 − 0.335) ÷ (1.414 − 0.707) = 0.451. ஜி = 2 ÷ சாய்வு² = 9.83. அதே கருவி, அதே எண்கள். கோட்டை வலுக்கட்டாயமா ஆதிப்புள்ளி வழியா இழுக்கிறதுதான் ரெக்கார்டு நோட்டில் எல்லாரும் பண்ற வேலை. அதை மட்டும் தடுங்க. இரும்புக் குண்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு செல்லோ டேப் துண்டு ஒட்டினால் ஒட்டும் நேரமே குறையும்.

ராயபுரம்_மெக்கானிக்ஸ்:

கருவி இல்லாம செய்யணும்னா ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப். ஜெர்மனியில் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது. அதில் ஒலி ஸ்டாப்வாட்ச் இருக்கு: முதல் சத்தத்தில் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். அலமாரி விளிம்பில் ஸ்கேலை நீட்டி வைத்து அதன் நுனியில் சைக்கிள் பேரிங் குண்டு ஒண்ணை வைங்க. ஸ்கேலைப் பக்கவாட்டில் கரண்டியால் ‘டக்’னு தட்டினால் ஸ்கேல் விலகும், குண்டு விழும், கீழே தட்டில் ‘டங்’. குறுக்கே தட்டணும். கீழிருந்து மேலாகத் தட்டினால் குண்டுக்குத் தொடக்க வேகம் கிடைச்சிடும்.

போனை எங்கே வைக்கிறதுன்னு யோசிக்காம எல்லாரும் தரையில் வைப்பாங்க. 1.25 மீட்டர் உயரத்துக்கு உண்மையான நேரம் 0.5055. போன் தரையில் இருந்தால் ‘டக்’ சத்தம் 0.0036 விநாடி பிந்தி வரும், ‘டங்’ உடனே வரும். 0.502-னு காட்டும், ஜி 9.92 ஆகிடும். போனைப் பாதி உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல வைங்க. ரெண்டு சத்தமும் ஒரே அளவு பிந்தும், கழிஞ்சு போகும். மின்விசிறியை நிறுத்துங்க. குறைந்தபட்சத் தாமதம்னு ஒரு அமைப்பு இருக்கும், அதை 0.2-ல் வைங்க, இல்லைன்னா ‘டக்’கின் எதிரொலியிலேயே கடிகாரம் நின்னுடும். உயரம் ஸ்கேலின் மேல்பரப்பிலிருந்து தட்டு வரைக்கும். குண்டின் அடிப்பக்கத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு அளக்கிறோம், அதனால குண்டின் விட்டம் கணக்கில் வராது.

வண்ணை_டியூஷன்:

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஈயக்குண்டு, 240 பிரேம். டின்னுக்குப் பதில் தரையோடு தரையா மணல் பரப்பிட்டோம். பிரேம் எண்ணிக்கை 395, 396, 394, 395, 397. சராசரி 395.4, நேரம் 1.6475. காற்றுக்கு 0.005 கழித்து 9.783 போட்டால் 13.20 மீட்டர். கை கைப்பிடிச் சுவருக்கு 5 செ.மீ. மேலே இருந்தது, அதைக் கழிச்சால் 13.15. கயிறு சொன்னது 13.00. இந்த 15 சென்டிமீட்டர் எங்கே?

காசிமேடு_காத்து:

கயிறு எது? நைலானா? கீழே கல் கட்டித் தொங்கவிட்டிருப்பீங்க. தொங்கும்போது நீளும், மேலே எடுத்துத் தரையில் போட்டு டேப்பால் அளக்கும்போது சுருங்கிடும். 13 மீட்டருக்கு 15 செ.மீ. சுருக்கம் மெல்லிசு நைலானில் சாதாரணம். தரையில் அளக்கும்போதும் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அதே கல்லின் எடை அளவுக்கு ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பிடிச்சு அளங்க. இல்லைன்னா கயிறை விட்டுட்டுக் கொத்தனார் வைத்திருக்கிற 15 மீட்டர் டேப்பையே நேரா தொங்கவிடுங்க.

தண்டையார்பேட்டை_ஊசல்:

கயிறைக் குற்றம் சொல்றதுக்கு முன்னாடி போனையும் விசாரிக்கணும். 240-னு எழுதியிருந்தாலும் உண்மையில் 241.4 பிரேம் ஓடியிருந்தால் 15 செ.மீ.-யும் அதிலேயே தீர்ந்துடும். இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அதை உங்க போனில் ஸ்லோமோஷனில் 20 விநாடி படம் எடுங்க. திரையில் 20.00 ஆகும் வரைக்கும் எத்தனை பிரேம்னு எண்ணி 20-ஆல் வகுங்க. 240-க்கு மேலே வந்தால் போன், 240-லேயே நின்னால் கயிறு.